சிப்பி எந்த நீரில் வளர்ந்தது?



பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் எங்கள் ஆசிரியர் அறையில் கடற்கரைப் பயணங்களைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடும். தேசாரு, தஞ்சோங் பாலாவ், மெர்சிங், கூக்குப், தஞ்சோங் பியாய் என ஊர்ப் பெயர்கள் ஒவ்வொன்றாக வரும். மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த ஜொகூர் மாநிலத்தில் வாழ்கின்றவர்களுக்குச் செல்வதற்கு இடமா இல்லை? பேச்சு இறுதியில் வந்து சேரும் இடம் பெரும்பாலும் உணவுதான். "அங்கே கூப்பாங் புதிதாகக் கிடைக்குமா? லாலா நன்றாக இருக்குமா?" என்று ஒருவர் மற்றொருவரைக் கேட்பார். பெற்றோர்களும் என்னிடம் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்.

புதியதா என்று கேட்பதில் தவறில்லை. ஆயினும், ஓட்டுக்குள் வாழும் உயிர்களைப் பொறுத்தவரை அது பாதிக் கேள்வியே ஆகும். அந்தச் சிப்பி எந்த நீரில் வளர்ந்தது என்பதே மீதிப் பாதி. கடலிலிருந்து எடுத்து ஒரு மணி நேரம்கூட ஆகாத சிப்பி ஒருவரை மருத்துவமனைக்கு அனுப்பக்கூடும். இதைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

பெயர்களிலிருந்து தொடங்குவோம்

நம் தமிழில் சிப்பி, சங்கு, சோழி, முத்து என்று அணிகலனோடும் வழிபாட்டோடும் தொடர்புடைய சொற்கள் எல்லாருக்கும் தெரியும். உண்ணும் வகைகளுக்கான சொற்களைத் தமிழகக் கடற்கரை மக்கள்தாம் இன்றும் வைத்திருக்கிறார்கள். மட்டி என்பார்கள், ஆளி என்பார்கள். மலேசியத் தமிழருள் பெரும்பாலோரின் முன்னோர் ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்தவர்கள். கடல் அவர்களுக்குத் தொலைவு. ஆகவே சிப்பி உணவு மலாய், சீன அண்டை வீட்டாரிடமிருந்தும் அங்காடிக் கடைகளிலிருந்தும் நமக்கு வந்தது. பெயர்களும் அங்கிருந்தே வந்தன.

கெராங் என்பது வரிவரியான தடித்த ஓட்டுக்குள் சிவந்த சதையுடைய மட்டி. அதன் சிவப்பைக் கண்டு சிலர் அருவருப்பார்கள். அது கெட்டுப்போனதன் அடையாளம் அன்று. நம் குருதியில் இருப்பதைப் போன்ற ஹீமோகுளோபின் அதன் உடலிலும் இருக்கிறது. உயிர்வளி குறைந்த சேற்றில் வாழ அது துணை செய்கிறது. லாலா மெல்லிய ஓடுடைய சிறு மட்டி. கூப்பாங் பச்சை ஓரமுடைய நீள்சிப்பி. திராம் என்பது பாறையிலும் கண்டல் வேரிலும் ஒட்டி வளரும் ஆளி. லோக்கான் கண்டல் சேற்றில் புதைந்திருக்கும் பெரிய மட்டி. கோங்கோங் என்பதோ இரட்டை ஓடு இல்லாத ஒரு கடல் நத்தை.

இந்தப் பெயர்கள் நம் நிலப்படத்திலேயே பதிந்திருக்கின்றன. உலு திராமில் குடியிருக்கும் தமிழர்கள் பலர். திராம் என்ற மலாய்ச் சொல்லுக்கு ஆளி என்பதே பொருள் என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் வியக்கிறார்கள். கேலாங் பாத்தாவிற்கு அப்பால் தஞ்சோங் கூப்பாங் இருக்கிறது. கூப்பாங் என்றால் என்னவென்று மேலே சொல்லிவிட்டேன். தஞ்சோங் என்றால் முனை.

எங்கே கிடைக்கிறது?

ஜொகூரின் கடற்கரை ஒரே தன்மையுடையது அன்று. மேற்கே பொந்தியான், கூக்குப் பக்கம் சேறும் கண்டல் காடும் நிறைந்த கரை. கூக்குப் தீவு, தஞ்சோங் பியாய், சுங்கை புலாய் ஆகிய மூன்று ஈரநிலங்களும் 2003ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. கெராங்கும் லோக்கானும் விரும்பும் சேறு இத்தகையது. தெற்கே சிங்கப்பூரையும் நம்மையும் பிரிக்கும் ஜொகூர் நீரிணை. அலை குறைந்த அந்த நீரில் கயிறுகளைத் தொங்கவிட்டுக் கூப்பாங் வளர்க்கிறார்கள். மிதவைகளிலிருந்து தொங்கும் கயிற்றில் குஞ்சுகள் தாமாகவே ஒட்டிக்கொள்கின்றன. தனியாகத் தீனி எதுவும் போட வேண்டியதில்லை. நாட்டின் கூப்பாங் வளர்ப்பில் ஜொகூருக்கு முதன்மையான இடம் உண்டு. கிழக்கே தேசாருவிலிருந்து மெர்சிங் வரை மணற்கரையும் பாறையும். நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று அங்கே கடலைக் கொந்தளிக்க வைக்கும். அந்த மாதங்களில் அங்கே நீரில் இறங்கிச் சிப்பி தேடுவது உயிரோடு விளையாடுவதாகும்.

மெர்சிங்கிற்கு எதிரே உள்ள தீவுகளுக்குச் செல்வோர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். அத்தீவுகள் பலவற்றைச் சுற்றி 2 கடல் மைல் வரையுள்ள பகுதி கடல் பூங்கா. அங்கே அனுமதியின்றி எதையும் பிடிக்கவோ பொறுக்கவோ சட்டம் இடம் தரவில்லை. கீமா எனப்படும் பேரோட்டு மட்டி நாடு முழுவதிலும் பாதுகாக்கப்பட்ட உயிரினம்.

ஓதமும் சிலேத்தார் மக்களும்

சேற்றிலும் கடற்புல் திட்டிலும் சிப்பி பொறுக்க வேண்டுமானால் கடல் நன்றாக வற்ற வேண்டும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாள்களில் ஏற்றமும் அதிகம், வற்றும் அதிகம். வற்றும் நேரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 நிமிடங்கள் பிந்தும். தேசிய நீரளவியல் மையம் ஆண்டுதோறும் ஓத அட்டவணை வெளியிடுகிறது. அதைப் பார்க்காமல் நேற்று வற்றிய நேரத்தை நம்பி இன்று இறங்குகிறவர்கள் திரும்பும் வழியை நீர் மூடியிருக்கக் காண்பார்கள்.

அட்டவணை ஏதுமின்றி இதையெல்லாம் அறிந்தவர்கள் ஓராங் சிலேத்தார் மக்கள். கடல்வாழ் பழங்குடியினரான இவர்கள் முற்காலத்தில் படகுகளிலேயே குடும்பத்தோடு வாழ்ந்து, ஜொகூர் நீரிணையின் இரு கரைகளிலும் திரிந்தவர்கள். இன்று அவர்களின் கிராமங்கள் ஜொகூர்ப் பக்கம் நீரிணையின் ஓரத்தில் இருக்கின்றன. நண்டும் மீனும் சிப்பியுமே பலருக்கும் பிழைப்பு.

சில ஆண்டுகளுக்கு முன்பு அத்தகைய கிராமம் ஒன்றில் ஒரு முதியவரோடு பேசிக்கொண்டிருக்கும் வாய்ப்புக் கிடைத்தது. மரப்பலகைத் துறையில் அமர்ந்து கூப்பாங் கொத்துகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஓட்டின்மீது படிந்த சேற்றைச் சிறு கத்தியால் சுரண்டிவிட்டு ஒவ்வொன்றையும் இரண்டு விரல்களால் தட்டிப் பார்த்தார். இலேசாகத் திறந்திருந்தவை தட்டியதும் மூடிக்கொண்டன. மூடாதவற்றைக் கடலிலேயே எறிந்தார். "பாக் சிக், இவற்றை எப்படித் தெரிந்தெடுக்கிறீர்கள்?" என்று மலாயில் கேட்டேன்.

"உயிர் இருக்கிறதா என்று பார்ப்பது எளிது, சிக்கு. அதைச் சிறு பிள்ளையும் செய்யும். எங்கே எடுக்கக் கூடாது என்று தெரிவதுதான் கடினம்" என்றார்.

பிறகு கையை நீட்டி ஒவ்வோரிடமாகக் காட்டினார். அந்த ஆற்று வாயில் எடுக்க மாட்டோம், மேலே தொழிற்சாலைகள் இருக்கின்றன. அந்தப் பக்கம் பெருமழை பெய்த சில நாள்களுக்கு எடுப்பதில்லை, வடிகால் நீர் எல்லாம் அங்கேதான் இறங்கும். இன்னோரிடத்தில் தம் தந்தை காலத்தில் எடுத்தார்கள், இப்போது தாம் எடுப்பதில்லை. அவர் விரல் காட்டிய இடங்களைக் கணக்கிட்டால் எடுக்கலாம் என்றவற்றைவிட எடுக்கக் கூடாது என்றவையே மிகுதி. சிப்பியைப் பற்றி நான் கற்ற பாடங்களுள் முதன்மையானது அது.

அழுக்கு எங்கே போனது?

அந்தப் பாடத்தின் காரணத்தை ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒருமுறை அறிவியல் வகுப்பில் காட்டினேன். இரண்டு கண்ணாடித் தொட்டிகளில் கடல்நீர் நிரப்பி இரண்டிலும் ஒரே அளவு சேற்றைக் கலக்கினோம். ஒன்றில் மட்டும் உயிருள்ள கூப்பாங் இருபதை இட்டோம். காலை முதல் பாடவேளையில் இரண்டும் ஒன்றுபோலக் கலங்கியிருந்தன. ஓய்வு நேரம் முடிந்து வந்தபோது கூப்பாங் இருந்த தொட்டி தெளியத் தொடங்கியிருந்தது. பள்ளி முடிவதற்குள் அதன் வழியாகச் சுவரில் ஒட்டியிருந்த எழுத்துகளைப் படிக்க முடிந்தது. மற்றத் தொட்டி இன்னும் தேநீர் நிறத்தில்தான் இருந்தது.

பிள்ளைகள் கைதட்டினார்கள். பின் வரிசையில் இருந்த ஒரு மாணவி மட்டும், "டீச்சர், அந்த அழுக்கெல்லாம் எங்கே போச்சு?" என்று கேட்டாள்.

அதுதான் கேட்க வேண்டிய கேள்வி. சிப்பி இரை தேடி ஓடுவதில்லை. இருந்த இடத்திலேயே நீரை உள்ளிழுத்துச் செவுள்களால் வடிகட்டி, நுண்பாசிகளை உண்டு, வேண்டாதவற்றைச் சளியோடு உருட்டி வெளியே தள்ளுகிறது. வளர்ந்த ஒரு கூப்பாங் மணிக்கு ஒரு லிட்டருக்கும் மேற்பட்ட நீரை இவ்வாறு வடிகட்டும். சேற்றின் பெரும்பகுதி தொட்டியின் அடியில் உருண்டைகளாகக் கிடந்தது. அதைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். ஆனால் நீரில் கிருமி இருந்தால் அதுவும் உள்ளே போகும். நஞ்சுடைய பாசி இருந்தால் அதுவும் போகும். ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் இருந்தால் அவையும் போகும். இவற்றுள் ஒரு பகுதி சதையிலேயே தங்கிவிடும். மலேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கடலில் உலோக மாசு எவ்வளவு என்று அறிவதற்குக் கூப்பாங்கையே அளவுகோலாகப் பயன்படுத்துகிறார்கள். கடலின் மாசைக் காட்டும் கருவியை நாம் தட்டில் வைத்து உண்கிறோம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

வெந்நீருக்கு அடங்கும் ஆபத்து

முதல் வகை ஆபத்து கிருமிகள். கழிவுநீர் கலந்த கடலில் வளர்ந்த மட்டியில் கல்லீரல் அழற்சி ஏ, நோரோ ஆகிய நச்சுயிரிகளும் குடற்காய்ச்சல் கிருமியும் இருக்கக்கூடும். 1988ஆம் ஆண்டு தொடக்கத்தில் சீனாவின் ஷங்காய் நகரில் ஏறத்தாழ 3 இலட்சம் பேருக்கு மஞ்சள் காமாலை கண்டது. காரணம், கழிவுநீர் கலந்த நீரிலிருந்து எடுக்கப்பட்ட, நம் கெராங்கின் உறவான மட்டி. அந்நகர மக்கள் அதன்மேல் கொதிநீரைச் சற்றே ஊற்றி, ஓடு பிரிந்ததும் அரைவேக்காட்டில் உண்பது வழக்கம்.

நம் அங்காடிக் கடைகளிலும் இதே முறைதான். குவேத்தியாவ் பிரட்டும் சட்டியில் கடைசி நொடியில் ஒரு கைப்பிடி கெராங்கைப் போடுவார்கள். அல்லது கம்பி வலைக் கரண்டியில் அள்ளிக் கொதிநீரில் ஒரு முக்கு முக்கி எடுப்பார்கள். மேலும் வேகவைத்தால் இரப்பர் போல் ஆகிவிடும் என்பார்கள். சுவை கருதி அவர்கள் சொல்வது மெய்தான். ஆனால் கல்லீரல் அழற்சி ஏ நச்சுயிரியை அழிக்கச் சதையின் உட்பகுதியே 90 பாகை செல்சியசை அடைந்து 90 நொடிகள் அதே வெப்பத்தில் இருக்க வேண்டும். ஒரு முக்கில் அது நடவாது. ஓடு திறந்துவிட்டதே என்று சிலர் எண்ணுவார்கள். ஓடு திறப்பது தசை தளர்ந்ததைத்தான் காட்டும். உள்ளே வெந்துவிட்டது என்று காட்டாது. நீர் மீண்டும் கொதித்து ஓடுகள் திறந்த பிறகும் மூன்று முதல் ஐந்து நிமிடங்கள் கொதிக்கவிடுவதே பாதுகாப்பு.

எலுமிச்சைச் சாறு பிழிந்தால் கிருமி செத்துவிடும் என்பதும், மிளகாய்ச் சம்பல் எல்லாவற்றையும் முறித்துவிடும் என்பதும் வெறும் நம்பிக்கைகளே. உப்பு நீரில் இரவு முழுவதும் போட்டு வைத்தால் மணல் வெளியேறும், நச்சுயிரி வெளியேறாது. கல்லீரல் அழற்சி ஏ நோயில் இன்னொரு சிக்கலும் உண்டு. உண்டபின் 15 முதல் 50 நாள்கள் கழித்தே நோய் தலைகாட்டும். எந்தக் கடை, எந்த உணவு என்பதெல்லாம் அதற்குள் மறந்துபோகும். "நான் பல ஆண்டுகளாகச் சாப்பிடுகிறேன், எனக்கு ஒன்றும் ஆனதில்லை" என்று பலர் சொல்வதற்கு இந்த மறதியும் ஒரு காரணம்.

இங்கே நம் சமூகத்தாருக்கு ஒரு தனிச்சொல். மலேசிய இனங்களுள் இந்தியரிடையே நீரிழிவு மிகுதி என்பதைத் தேசிய சுகாதார ஆய்வுகள் தொடர்ந்து காட்டிவருகின்றன. வெதுவெதுப்பான கடல்நீரில் இயல்பாகவே வாழும் விப்ரியோ வகைக் கிருமி ஒன்று, நீரிழிவும் கல்லீரல் நோயும் உள்ளவர்களைக் கடுமையாகத் தாக்கும். இத்தகையோர் பச்சை ஆளியைத் தொடவே கூடாது. அந்தக் கிருமி காலில் பட்ட வெட்டுக்காயத்தின் வழியாகவும் நுழையும். ஆளி ஓடு கத்தி போன்றது. எனவே வெறுங்காலோடு பாறையிலும் சேற்றிலும் இறங்க வேண்டா.

வெந்நீருக்கு அடங்காத ஆபத்து

கறி சமைக்கும் நம் வழக்கம் கிருமிகளிடமிருந்து நம்மைப் பெரும்பாலும் காப்பாற்றும். மட்டியை மஞ்சளும் மிளகாயும் சேர்த்து அரை மணி நேரம் கொதிக்கவிடுகிற வீட்டில் கல்லீரல் அழற்சிக்கு இடமில்லை. ஆனால் இரண்டாம் வகை ஆபத்தின் முன் அடுப்பு பயனற்றது. அது பாசி நஞ்சு.

கடலில் சில வகை நுண்பாசிகள் சில காலங்களில் பெருகும்போது சாக்சிடாக்சின் என்னும் நஞ்சு சிப்பிகளில் சேரும். சிப்பிக்கு அதனால் பெரிய தீங்கில்லை. அது உயிரோடும் புதுமையோடும் நறுமணத்தோடும் இருக்கும், தட்டினால் மூடிக்கொள்ளும். வேகவைத்தாலும் பொரித்தாலும் உறைய வைத்தாலும் நஞ்சு அழியாது. 100 கிராம் சதையில் 80 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் விற்கக் கூடாது என்பது அனைத்துலக வரம்பு. ஆய்வுக்கூடம் மட்டுமே அதை அளந்து சொல்ல முடியும். கடல் சிவந்திருந்தால்தான் ஆபத்து என்பதும் பிழை. நீர் தெளிவாகத் தோன்றும்போதே சிப்பியில் நஞ்சு மிகுந்திருக்கக்கூடும்.

மலேசியாவில் இந்நஞ்சு முதன்முதலாக அறியப்பட்டது 1976இல் சபாவில். உயிரிழப்புகளும் நேர்ந்தன. தீபகற்பத்திற்கு அது வராது என்று நெடுநாள் நினைத்திருந்தார்கள். 1991இல் மலாக்காவின் செபாத்துவில் கூப்பாங் உண்ட மூவர் பாதிக்கப்பட்டனர். 2001இல் கிளந்தானின் தும்பாட்டில் லோக்கான் உண்ட அறுவர் பாதிக்கப்பட்டு, அவர்களுள் ஒருவர் இறந்தார். 2013இலும் 2014இலும் குவாந்தானில் பாதிப்புகள் நேர்ந்தன. 2024இல் போர்ட்டிக்சனில் கூப்பாங் உண்ட பலர் மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தது. அந்தப் பகுதிச் சிப்பிகளை உண்ண வேண்டாம் என்று மலேசிய மீன்வளத் துறை அறிவித்தது. நிலப்படத்தை விரித்துப் பாருங்கள். மேற்குக் கரையில் ஜொகூரின் அண்டை மலாக்கா, கிழக்குக் கரையில் பகாங். கடலுக்கு மாநில எல்லை கிடையாது.

அறிகுறிகளை ஒவ்வொரு வீட்டிலும் அறிந்திருக்க வேண்டும். உண்ட அரை மணி நேரம் முதல் சில மணி நேரத்திற்குள் உதடும் நாக்கும் மரத்துப்போகும். ஊசி குத்துவது போலிருக்கும். பிறகு முகம், விரல் நுனி, கைகால் என அது பரவும். பேச்சுக் குழறும், நடை தள்ளாடும். கடுமையான நிலையில் மூச்சுத் தசைகள் செயலிழக்கும். இந்நஞ்சுக்கு மாற்று மருந்து இல்லை. ஆனால் மருத்துவமனையில் செயற்கை மூச்சுக் கொடுத்துத் தாங்கினால் நஞ்சு தானாக வெளியேறி நோயாளி பிழைத்துக்கொள்வார். ஆகவே உதடு மரத்தவுடனேயே புறப்பட வேண்டும். இஞ்சிச் சாறு கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. 999 எண்ணை அழையுங்கள். எதை உண்டார், எங்கே வாங்கியது என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். மிச்சமிருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள். பிள்ளைகள் உடல் எடை குறைந்தவர்கள். பெரியவர் தாங்கும் அளவை அவர்கள் தாங்க மாட்டார்கள்.

இதே போல் வெப்பத்திற்கு அடங்காத நஞ்சு இன்னோர் உயிரிலும் உண்டு. கோத்தா திங்கிப் பக்கம் பெலாங்காஸ் எனப்படும் குதிரைலாட நண்டைச் சமைத்து விற்பது வழக்கம். அறிந்தவர்கள் சமைப்பது கடற்கரை வகை. அதன் வால் முக்கோண வடிவானது. கண்டல் காட்டு வகைக்கு வால் உருண்டையாக இருக்கும். அதில் பேத்தை மீனில் உள்ள அதே நஞ்சு இருக்கக்கூடும். 2011இல் சபாவின் கோத்தா மருடுவில் அதை உண்ட 30 பேர் நஞ்சால் பாதிக்கப்பட்டனர். சேற்றில் கண்டதைப் பிடித்துவந்து சமைக்க முயல வேண்டா. கிழக்குக் கரைத் தீவுகளில் அழகிய கூம்பு வடிவச் சங்கைக் கண்டால் பிள்ளைகள் கையில் எடுக்காதிருக்கட்டும். அது கொட்டும்; அதன் சில வகைகளின் நஞ்சு ஆளைக் கொல்லும்.

நீரிணையின் நிலை

மூன்றாம் வகை ஆபத்து தொழிற்சாலைக் கழிவு. 2019 மார்ச் மாதத்தை ஜொகூர் ஆசிரியர்கள் எவரும் மறக்க மாட்டார்கள். பாசிர் கூடாங்கில் சுங்கை கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டு, நச்சுக் காற்றால் ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றனர். அந்த வட்டாரத்தின் 111 பள்ளிகளும் மூடப்பட்டன. அப்போது காற்றைப் பற்றியே அனைவரும் பேசினோம். அந்த ஆற்று நீர் இறுதியில் சென்று சேரும் இடம் கூப்பாங் வளரும் கடல்தான்.

நீரிணைக்கு இன்னொரு குறையும் உண்டு. 1924இல் திறக்கப்பட்ட ஜொகூர் பாலம் தூண்கள் மேல் நிற்கும் பாலம் அன்று. கல்லையும் மண்ணையும் கொட்டிக் கடலைக் குறுக்கே அடைத்த அணை. அதனால் கிழக்கு நீரும் மேற்கு நீரும் கலப்பதில்லை. ஓடாத நீரில் கழிவும் சத்தும் தங்குகின்றன. பாசி பெருக அதுவே ஏற்ற இடம். 2014 பிப்ரவரியில் மேற்கு நீரிணையில் ஒரு வகை நுண்பாசி பெருகிக் கூண்டில் வளர்த்த மீன்கள் டன் கணக்கில் செத்து மிதந்தன. அதே ஆண்டில்தான் தஞ்சோங் கூப்பாங்கிற்கு எதிரே மெரம்போங் கடற்புல் திட்டை ஒட்டிக் கடலை மண்ணிட்டு நிரப்பும் பெரும்பணியும் தொடங்கியது. நீர் வற்றும் நாள்களில் கோங்கோங் பொறுக்க மக்கள் இறங்கும் திட்டு அது. நான் சந்தித்த முதியவரின் "எடுக்கக் கூடாத இடங்கள்" ஏன் ஆண்டுக்காண்டு கூடின என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. நமக்கு அது ஒரு வேளை உணவு. அவர்களுக்கு அதுவே அடுப்பும் அரிசியும்.

அப்படியானால் உண்ணவே கூடாதா?

உண்ணலாம். நான் உண்கிறேன். என் வீட்டில் கடைப்பிடிக்கும் முறைகளைச் சொல்கிறேன்.

முதலில், வாங்கும்போது எங்கிருந்து வந்தது என்று கேட்பேன். நல்ல வணிகர் தயங்காமல் சொல்வார். பதில் சொல்லத் தெரியாதவரிடம் மீன் வாங்குவேன், மட்டி வாங்குவதில்லை. மீன்வளத் துறையின் எச்சரிக்கை எந்தக் கரைக்காவது இருக்கிறதா என்று செய்தியில் பார்த்துக்கொள்வேன். எச்சரிக்கை இருக்கும் கரையின் சிப்பியை விலை மலிந்தாலும் தொடுவதில்லை.

இரண்டாவது, உயிருள்ளவற்றை மட்டுமே எடுப்பேன். ஓடு மூடியிருக்க வேண்டும், அல்லது தட்டினால் மூட வேண்டும். கையில் கனக்க வேண்டும். கடல் மணம் வீச வேண்டும். புளித்த வாடை கூடாது. உடைந்த ஓட்டை விலக்கிவிடுவேன். வீட்டிற்கு வந்ததும் ஈரத் துணியால் மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, அன்றே சமைத்துவிடுவேன். குழாய் நீரில் ஊறவைத்தால் செத்துவிடும். மணல் போக வேண்டுமானால் உப்பு நீரில் சில மணி நேரம் போதும்.

மூன்றாவது, சமையல். கூப்பாங்கிற்கு அதிகம் வேண்டியதில்லை. தட்டிய செராய் இரண்டு தண்டு, இஞ்சி, பூண்டு, நாலைந்து பச்சை மிளகாய். சிறிதளவு நீர் கொதித்ததும் சிப்பியைப் போட்டு மூடிவிட வேண்டும். ஓடு திறந்த பின் நான் கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிடம் விடுவேன். சதை சற்றுச் சுருங்கும். அதனால் சுவை கெடுவதில்லை. அந்தச் சாற்றைச் சோற்றில் ஊற்றி உண்டவர்களுக்குத் தெரியும். வெந்த பிறகும் திறக்காதவற்றை எறிந்துவிடுவேன். கெராங்கை வெங்காயம், மஞ்சள், தேங்காய்த் துருவலோடு பிரட்டலாகச் செய்வேன். அதற்கு முன் ஒரு தடவை நன்கு கொதிக்க வைத்து அந்த நீரைக் கொட்டிவிடுவது வழக்கம். கடையில் சாப்பிட நேர்ந்தால், "கெராங்கை நன்றாக வேகவையுங்கள், இல்லையேல் போடவே வேண்டா" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். எவரும் கோபித்துக்கொண்டதில்லை.

நான்காவது, நாமாகவே பொறுக்குவது. ஆற்று வாய், வடிகால் வாய், துறைமுகம், படகுத் துறை ஆகியவற்றின் அருகே எடுக்க வேண்டா. பெருமழைக்குப் பின் சில நாள்கள் பொறுத்திருங்கள். அந்த ஊர் மக்கள் எடுக்காத இடத்தில் நீங்களும் எடுக்க வேண்டா. அவர்கள் விட்டுவைத்திருப்பதற்குக் காரணம் இருக்கும். சிறியவற்றைத் திரும்பக் கடலிலேயே விடுங்கள். அடுத்த ஆண்டும் அவர்களுக்கு அது வேண்டும்.

எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொரு வீடும் கேட்கத் தொடங்கினால், விற்பவரும் தம் சரக்கின் நீரைப் பற்றி அக்கறை கொள்வார்; அந்த நீரைக் கெடுப்பவரைப் பற்றியும் பேச்சு எழும். என் மாணவர்களிடம் இதைத்தான் சொல்லிவருகிறேன். கூப்பாங் வளர முடியாத கடலில் நாமும் கால் நனைக்க முடியாது.

உங்கள் வட்டாரத்தில் இந்தச் சிப்பிகளை எப்பெயரிட்டு அழைக்கிறீர்கள்? உங்கள் பாட்டிமார் வழங்கிய தமிழ்ப் பெயர் ஏதேனும் நினைவிருந்தால் தவறாமல் எழுதுங்கள். தொகுத்து வைத்துக்கொள்ள விரும்புகிறேன்.